சேலத்தில் விறகு வாங்குவது: எடைக்குக் கொடுக்கும் காசு விறகுக்கா, தண்ணீருக்கா?

அம்மாப்பேட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். சேலம் நகரத்துக்குள் குடியிருந்துகொண்டு விறகு வாங்கி எரிப்பவர்களோ, ஒரு காலத்தில் எரித்தவர்களோ இங்கே இருந்தால், அவர்களுடைய அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் ஏழு பேர். அம்மாவுக்கு 78 வயது. மூட்டு வலியால் காலையும் மாலையும் வெந்நீர் இல்லாமல் முடியாது. கேஸ் அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சியதில் சிலிண்டர் மூன்று வாரத்தைத் தாண்டாமல் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகவே பரணில் கிடந்த தாத்தா காலத்துச் செம்பு பாய்லரை இறக்கி, அடியில் இருந்த ஓட்டையைப் பற்றவைத்து, புளி போட்டுத் துலக்கி, பின்கட்டில் நிறுத்தினோம். ஐப்பசியில், ஊர் எல்லையில் இருக்கும் ஒரு கடையில் அரை டன் விறகு சொன்னேன். குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. என்ன மரம் என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்ல கட்டைதான்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

அன்று முதல் எங்கள் பின்கட்டு ஒரே புகை. தீ பிடித்த கட்டையின் மறுமுனையில், வெட்டிய முகத்தில், சோப்பு நுரை போலக் கொப்புளித்துக்கொண்டு வருகிறது. உஸ்ஸென்று ஓர் ஓசையும் நிற்பதே இல்லை. ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதி என் மனைவிக்குக் கண் சிவந்துவிட்டது. சுவர் கறுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கு இளைப்பு இருக்கிறது. அந்தக் குழந்தையின் தாய் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, குரலை உயர்த்தாமல், "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

எந்த மரம் வாங்க வேண்டும், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், புகை இல்லாமல் எரிக்க முடியுமா, இந்த மூன்றையும் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மண்டிக்காரர் மகன், செவ்வாய்ப்பேட்டை

ஐயா, வெட்டு முகத்தில் நுரை தள்ளுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியே போதும். உங்களுக்கு வந்தது பச்சை விறகு. வெட்டிச் சில வாரங்கள்கூட ஆகியிருக்காது. என் தகப்பனார் விறகு மண்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தராசு மேடையில் நின்ற பிள்ளை நான். இந்த வியாபாரத்தில் ஏமாற்று எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரிந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விறகை எடைக்கு விற்கிறார்கள். ஆனால் எரியும் பொருளுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை ஈரம் அறுத்துவிடுகிறது. அன்றைக்கு வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். ஒரு டன் பச்சை விறகில் 500 கிலோ மரமும் 500 கிலோ தண்ணீரும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விறகு, ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஈரம் மிஞ்சும் அளவுக்குக் காய்ந்தால், 625 கிலோவாக இறங்கிவிடும். ஆகவே பச்சை விறகு டன் 5,000 ரூபாய் என்று ஒருவரும், காய்ந்த விறகு டன் 8,000 ரூபாய் என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டும் ஒரே விலைதான். காய்ந்தது அதிக விலை என்று நினைத்துப் பச்சையை வாங்கியவர், வண்டி வாடகையில் பாதியைத் தண்ணீர் சுமப்பதற்குக் கொடுத்தவர் ஆகிறார். மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடக்கும் காய்ந்த விறகும் மேலே நனைந்து எடை ஏறும். எடை போடுவதற்கு முதல் நாள் இரவு குழாயை வைத்து நனைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லா மண்டிக்காரரும் அப்படி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் விறகு வாங்கக் கூடாது என்று என் தகப்பனார் தம் சொந்தக்காரர்களுக்கே சொல்வார்.

வாங்க வேண்டிய மாதம் மாசி. அதற்குப் பிறகு பங்குனி, சித்திரை என்று சேலத்து வெயில் தானாகவே மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆடி வந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் கோயில் பண்டிகை, ஊர் முழுவதும் பொங்கல் வைப்பு என்று தேவை கூடிவிடும். நல்ல கட்டை நமக்கு நிற்காது.

இப்போது மரங்களைப் பற்றிச் சொல்கிறேன். சீமைக் கருவேலம்தான் விறகில் முதலிடம். அது நம் மண்ணை என்ன பாடு படுத்தியது என்பது வேறு கதை. 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மரம் ஏரிக்கரைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனால் எரிப்பதற்கு அதைப் போல இல்லை: கட்டை கனம், தணல் நின்று பேசும். அதை வெட்டி எரிப்பதில் மனசாட்சிக்கும் உறுத்தல் கிடையாது. அடுத்தது புளியங்கட்டை. கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுவதற்குப் புளியமரத்தைத் தேடுவது அதன் நார் பிரியாத இறுக்கத்தினால்தான். பிளப்பதற்குள் உயிர் போய்விடும், ஆனால் பிளந்து காய்ந்துவிட்டால் சூடு அபாரம். சவுக்கு சுலபமாகப் பற்றும், சீராக எரியும். வேலமும் வேம்பும் நல்லவை. மாங்கட்டை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது, மலிவு. ஆனால் மள மளவென்று எரிந்து தணல் நிற்காமல் அடங்கிவிடும். முருங்கையும் கல்யாண முருங்கையும் விறகே அல்ல, தண்ணீர் குடித்த பஞ்சு. தென்னை மட்டையும் பாளையும் பற்றவைப்பதற்கு மட்டும் ஆகும்.

கடையில் நின்று செய்ய வேண்டியது இதுதான். குவியலின் மேலிருந்து எடுக்காமல், நடுவிலிருந்து இரண்டு பிளவுகளை உருவி எடுத்து, ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தவை என்றால் கணீரென்று ஓசை வரும்; ஈரமானவை என்றால் பொத்தென்று சத்தம் செத்துப்போகும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை நகத்தால் நெம்பினால் உரிய வேண்டும். பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும், விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும். உருட்டுக் கட்டையாகவே வாங்க வேண்டியிருந்தால், அது காய்ந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பட்டை ஒரு சட்டை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. பிளந்த பிறகுதான் காய்வதே தொடங்குகிறது.

அரை டன்னுக்கு மேல் வாங்கினால், எடை மேடையில் முதலில் காலி வண்டியையும் பிறகு பாரத்தோடும் ஏற்றி, இரண்டு சீட்டுகளையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காலி வண்டியின் எடையை வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்களிடம் இருக்கும் அரை டன்னை வீணாக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மணிக்கட்டுப் பருமனுக்கு மீண்டும் பிளக்கச் செய்யுங்கள். செங்கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று ஊடே போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களையும் சேர்த்துத் தார்ப்பாயால் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தரையில் படும்படி வைத்தால் கறையான் வந்துவிடும். அடியில் கை விடுவதற்கு முன் தேள் இருக்கிறதா என்று ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சூரமங்கலம்

மண்டிக்காரர் மகன் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். 625 கிலோ கணக்கு மிகச் சரி. அதனோடு இன்னொரு கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் ஈர விறகின் கேடு எங்கே இருக்கிறது என்பதில் பொதுவாக ஒரு தவறான எண்ணம் உண்டு.

தண்ணீரை ஆவியாக்குவதற்குத்தான் வெப்பமெல்லாம் போய்விடுகிறது என்று சொல்வோம். முற்றிலும் ஈரம் நீங்கிய ஒரு கிலோ மரம் எரிந்தால் ஏறக்குறைய 18 முதல் 19 மெகாஜூல் வெப்பம் தரும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்கச் சுமார் 2.6 மெகாஜூல் தேவை. ஆகவே பாதிக்குப் பாதி ஈரம் உள்ள விறகில், மரம் தரும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான் ஆவிக்குப் போகிறது. அது மட்டுமே இழப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய இழப்பு வேறு. மரத்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சூடு பட்டதும் வாயுவாகப் பிரிந்துதான் எரிகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான், கட்டை நேரடியாக எரிவது தணலில் மட்டும்தான். அந்த வாயு முழுவதும் எரிய வேண்டுமானால் நெருப்பு மிகவும் சூடாக இருக்க வேண்டும். கட்டைக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேற மறுக்கிறது. அடுப்பு குளிர்ந்துபோகிறது, பிரிந்த வாயு பற்றாமல் அப்படியே வெளியேறுகிறது. அதைத்தான் புகை என்கிறோம். அதாவது, உங்கள் பின்கட்டுச் சுவரில் படிந்த கரியும் தாரும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்தான். எரியும் மெழுகுவத்தியை அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகையில் இன்னொரு நெருப்பைக் காட்டினால் அது குப்பென்று பற்றித் திரிக்குத் தாவுவதை வகுப்பில் செய்து காட்டுவேன். மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

உங்கள் வீட்டு வெந்நீர்க் கணக்கையும் போட்டேன். 60 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 66 டிகிரிக்கு ஏற்ற 10 மெகாஜூல் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 14 மெகாஜூல் தருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குச் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் போதும். அதே வேலையைக் கேஸில் செய்தால் 350 கிராம் சொச்சம், மின்சாரத்தில் செய்தால் மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் ஒரு தடவைக்கு எத்தனை கிலோ விறகு வைக்கிறீர்கள் என்று ஒருநாள் எடை போட்டுப் பாருங்கள். நான்கு ஐந்து கிலோ என்றால் பாதி புகையாகப் போகிறது என்று பொருள்.

ஈரம் குறைந்துவிட்டதா என்பதைக் கருவி இல்லாமலே அறியலாம். ஒரு பிளவில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை அதே பிளவை நிறுங்கள். எடை இறங்குவது நிற்கும் வாரத்தில் விறகு தயார்.

அரிசிப்பாளையம் செவிலி

எல்லோரும் நல்ல விறகு எது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள அம்மாப்பேட்டை மாதிரியான இடத்தில் விறகு எரிக்கத்தான் வேண்டுமா?

நான் நுரையீரல் வார்டில் வேலை செய்தவள். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாத அம்மாக்கள், மாடிப்படியில் நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர்களாக இருப்பார்கள். புகையில் இருக்கும் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள் நுரையீரலின் கடைசி அறைவரை போய்விடுகிறது. 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்திருக்கிறது; நம் நாட்டின் வரம்பு 60. இளைப்பு உள்ள குழந்தைக்கு வரம்பெல்லாம் கணக்கில்லை, ஒரு மூச்சே போதும்.

அதிலும் சேலத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலை. நாம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட்டால், அந்த நேரத்தில் போடும் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். நாம் வெந்நீர் போடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

என் ஆலோசனை, மொட்டைமாடியில் சூரிய ஒளி வெந்நீர்க் கலன் வையுங்கள். வெயிலுக்குக் குறைவில்லாத ஊர் இது. விறகுதான் என்று முடிவு செய்தால், தயவுசெய்து பாய்லரைக் குளியலறைக்குள்ளோ அதன் வாசலிலோ வைக்காதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரியும்.

மண்டிக்காரர் மகன், செவ்வாய்ப்பேட்டை

அம்மா, நீங்கள் சொல்வதை மறுப்பதற்கில்லை. எங்கள் பாட்டியின் இருமல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சூரியக் கலன் வைக்கச் சொந்த மாடி வேண்டும், கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் பரணிலிருந்து அடுப்பை இறக்குபவர்கள், விசேஷத்துக்கு மட்டும் விறகு வாங்குபவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். எரிக்காதே என்று சொன்னால் அவர்கள் நிறுத்தப்போவதில்லை. கிடைத்த பச்சைக் கட்டையை வைத்துக்கொண்டு எரிப்பார்கள். காய்ந்ததை வாங்கத் தெரிந்தால் புகையாவது குறையும்.

அரிசிப்பாளையம் செவிலி

வாடகை வீட்டுக்காரர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "குறையும்" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும் இடையில் அந்தக் குழந்தை இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எரிப்பதாக இருந்தால் காலை எட்டு மணிக்கு மேல், வெயில் ஏறிக் காற்று நகரத் தொடங்கிய பிறகு எரியுங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஏற்காட்டுத் தோட்டத்துக்காரர்

மலைமேல் இருந்து ஒரு செய்தி. கீழே நீங்கள் விறகைக் காயவைப்பது போல இங்கே காயாது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடிதான் உலரும். காற்றே நனைந்திருக்கும் பனிமூட்டத்தில் எத்தனை மாதம் அடுக்கிவைத்தாலும் ஓரளவுக்குக் கீழே ஈரம் இறங்காது. அதனால் தோட்டத்து வீடுகளில் அடுப்புக்கு மேலேயே பரண் கட்டி, மறுவாரத்து விறகை அதில் ஏற்றிவைப்பது வழக்கம்.

எங்களுக்குக் கிடைப்பது நிழலுக்காக நட்ட சில்வர் ஓக்கின் கிளைகள், காப்பிச் செடியைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகள், முதிர்ந்து பிடுங்கிய காப்பித் தூர்கள். சில்வர் ஓக் இலேசான மரம், சீக்கிரம் முடிந்துவிடும். காப்பித் தூர் கைக்கு அடக்கமாக இருந்தாலும் இரும்பு மாதிரி. ஒரு தூர் இரவெல்லாம் தணலாக இருக்கும். எல்லாவற்றையும் விட நான் பரிந்துரைப்பது உண்ணிச்செடியை. அது மலை முழுவதும் படர்ந்து மற்ற செடிகளை மூச்சு முட்டச் செய்கிறது. அதன் தண்டு காய்ந்துவிட்டால் சுள்ளியாக நன்றாகவே எரிகிறது.

இரண்டு விஷயங்களை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் பெண்கள் காய்ந்த சுள்ளியைப் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். விடுமுறை நாளில் வரும் ஒரு கூட்டம் ஒரே இரவில், குளிர்காய்வதற்கு என்று, அதைப்போல் பல மடங்கு விறகை எரித்துவிட்டுப் போகிறது. அதிலும் பாதி ஈரமான கட்டை; பள்ளத்தாக்கில் இருக்கும் வீடுகளுக்குப் புகை இறங்கிவிடுகிறது. குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்துபவர்களையும் நாங்கள் எழுப்பித் திட்டியிருக்கிறோம். செவிலி அம்மா எழுதியதை இங்கே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, அடிவாரத்தில் மலிவாக விறகு தருகிறோம் என்று யாராவது சொன்னால், எங்கே வெட்டியது என்று கேளுங்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்டு நாங்கள் காத்திருக்கிறோம். பதில் சொல்லத் தயங்கும் விறகை வாங்காதீர்கள். சமவெளியில் சீமைக் கருவேலம் கேட்பாரற்றுக் கிடக்கும்போது மலைமரம் எதற்கு?

கல்யாணச் சமையல்காரர், கொண்டலாம்பட்டி

நான் கோட்டை அடுப்பில் தொழில் பழகியவன். இப்போது மண்டபங்களில் கேஸ் அடுப்புதான். ஆனால் பிரியாணிக்கு இன்றும் விறகு கேட்டு வருகிறார்கள். எரிக்கும் முறையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

"எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்" என்பது எங்களுக்குப் பழமொழி அல்ல, வேலை. தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் கட்டையைத் தள்ளுவதிலும் இழுப்பதிலும்தான் இருக்கிறது. புதிதாக எரிப்பவர்கள் வாய் கொள்ளாமல் அடுப்பை நிரப்பிவிடுகிறார்கள். காற்று போக இடமில்லாமல் போனால் காய்ந்த விறகும் புகையும். மூன்று கட்டைகள் போதும். அவற்றின் நுனிகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒட்டக் கூடாது. நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது. ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் பட்டால்தான் இரண்டும் எரியும். பாய்லருக்கும் இதே கணக்குத்தான். நடுக்குழாய்க்குள் மேலிருந்து கொட்டி நிரப்பாதீர்கள். முதலில் கொட்டாங்குச்சியும் தென்னம்பாளையும் போட்டுக் குழாயைச் சூடேற்றிவிட்டு, அதன் பிறகு இரண்டிரண்டு பிளவாகப் போடுங்கள். அடியில் இரும்புச் சல்லடையும், அதற்குக் கீழே சாம்பல் விழ இடமும் இருக்க வேண்டும். சாம்பல் ஏறிச் சல்லடையை மூடிவிட்டால் தீ மூச்சு விடாது.

எது எரிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கதவு, ஜன்னல் என்று மலிவாக விற்கிறார்கள். பெயின்ட் அடித்த மரத்தை அடுப்பில் வைக்கவே கூடாது, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பிளைவுட்டும் அப்படித்தான், அது பாதி பசை. தொழிற்சாலைகளிலிருந்து வரும் சாமான் பலகைகளில் முத்திரை இருக்கும். "ஹெச் டி" (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். "எம் பி" (MB) என்று இருந்தால் பூச்சிமருந்துப் புகை போட்டது, வாங்காதீர்கள்.

இதற்கெல்லாம் மேலே, நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்கள் ஏராளம். பழைய செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டிருப்பார்கள். நன்றாகக் காய்ந்த குச்சி, சும்மா கிடைக்கிறது என்று தோன்றும். அரளியின் வேர், தண்டு, இலை எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் போகாது, அதன் புகையும் கேடு. அந்தக் குச்சியில் கறியைக் கோத்துச் சுடுவதோ, அதைச் சமையல் அடுப்பில் வைப்பதோ கூடவே கூடாது. ஒருமுறை என் உதவியாள் பையன் பற்றவைப்பதற்கு ஒரு கட்டு கொண்டுவந்துவிட்டான். பட்டையைக் கீறிப் பார்த்து அடையாளம் கண்டு, கட்டோடு தூக்கிப்போடச் சொன்னேன். கள்ளிக் குச்சிக்கும் இதே விலக்கு, கண்ணுக்கு ஆகாது.

அம்மாப்பேட்டை வாசி

மூன்று மாதம் கழித்து வருகிறேன். எழுதிய அனைவருக்கும் என் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது.

ஆள் வைத்து எல்லாக் கட்டைகளையும் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்தோம். புளியங்கட்டை நான்கைந்து இருந்தது. ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தும் ஒன்று மட்டும் பிளக்கவே இல்லை, அது இப்போது துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்காரும் பலகையாகிவிட்டது. ஆசிரியர் ஐயா சொன்னபடி ஒரு பிளவில் சுண்ணாம்பு வைத்து நிறுத்தேன். முதல் நாள் 2,140 கிராம். மழை விட்ட பிறகு வாரம் 80, 90 கிராம் என்று இறங்கி, போன வாரமும் இந்த வாரமும் 1,390 கிராமிலேயே நிற்கிறது. ஒரே கட்டையிலிருந்து முக்கால் கிலோ தண்ணீர் போயிருக்கிறது. அந்த முக்கால் கிலோவுக்கும் நான் காசு கொடுத்தேன் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

முன்பு ஒரு தடவைக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டிருந்தோம் என்பது எடை போட்ட பிறகுதான் தெரிந்தது. இப்போது இரண்டரை கிலோவில் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் தண்ணீர் காய்ந்துவிடுகிறது. பற்றவைக்கும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் புகை வருகிறது. அதற்குப் பிறகு குழாயின் வாயில் காற்று நெளிவது போலத் தெரிகிறதே தவிர, கண்ணில் புகை படவில்லை. பாய்லரைக் குளியலறை வாசலிலிருந்து நகர்த்தி வெட்ட வெளியில் வைத்துவிட்டேன். காலை எட்டரைக்கு முன் பற்றவைப்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கேஸில் காய்ச்சிய தண்ணீரில் குளிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்ப் பேசினேன். குழந்தைக்கு இளைப்பு இருக்கும் நாளில் காலையில் அவர்கள் கைப்பேசியில் ஒரு வார்த்தை அனுப்பிவிடுவார்கள். அன்று பாய்லர் கிடையாது. இந்த மாதத்தில் அப்படி நான்கு நாட்கள் வந்தன. செவிலி அம்மா சொன்ன சூரியக் கலனுக்கும் விலை விசாரித்திருக்கிறேன். தம்பியிடம் பாதிப் பணம் கேட்டிருக்கிறேன், ஆனி மாதத்துக்குள் முடியும் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் மழைநாளுக்கும் சேர்த்து இந்த விறகு வரும்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. முதல் வாரங்களில் எரித்த ஈர விறகின் தார், பாய்லரின் நடுக்குழாயில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. எப்படி எடுப்பது?

கல்யாணச் சமையல்காரர், கொண்டலாம்பட்டி

தேய்க்க வேண்டாம் தம்பி, செம்பு தேய்ந்துவிடும். பாய்லரில் தண்ணீர் நிறைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த கொட்டாங்குச்சியை மட்டும் போட்டு நான்கைந்து நாள் தொடர்ந்து எரியுங்கள். தார் காய்ந்து செதில் செதிலாக விட்டுவிடும். குழாய் ஆறிய பிறகு, தென்னங்குச்சித் துடைப்பத்தின் அடிக்கட்டையை உள்ளே விட்டு மேலிருந்து கீழாக இழுத்தால் கொட்டிவிடும். கொட்டியதை உடனே குப்பையில் போடாதீர்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரைகூட உயிரோடு இருக்கும். இரும்பு வாளியில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு கொட்டுங்கள்.

மண்டிக்காரர் மகன், செவ்வாய்ப்பேட்டை

ஐயா, மாசி பிறந்துவிட்டது. மழைநாளுக்கு வைத்துக்கொள்ள இன்னும் கால் டன் வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் பாருங்கள். சீமைக் கருவேலம், பிளந்தது, நடுக்குவியலிலிருந்து இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் 1,390 கிராம் பிளவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதன் ஓசையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.